விளம்பரத் திட்டமிடல்

விளம்பரத் திட்டமிடல் என்பது, ஒரு விளம்பரம் உருவாவதற்கு முன்னரும் உருவாகும்போதும் நுகர்வோரின் வாழ்க்கை, பழக்கம், எண்ணம் ஆகியவற்றை ஆய்ந்து, அவ்விளம்பரம் யாருக்கு, எதை, ஏன் சொல்ல வேண்டும் என்று வகுத்துக் கொடுக்கும் பணியாகும். ஆங்கிலத்தில் இது அக்கவுண்ட் பிளானிங் என அழைக்கப்படுகிறது. இங்கு அக்கவுண்ட் என்பது வரவு செலவுக் கணக்கைக் குறிப்பதன்று. ஒரு விளம்பர முகமையிடம் தன் விளம்பரப் பணியை ஒப்படைத்துள்ள நிறுவனத்தையே அத்துறையினர் அக்கவுண்ட் என்பர். ஆகவே 'கணக்குத் திட்டமிடல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பொருள் மயக்கம் தரும். இப்பணியைச் செய்பவர் திட்டமிடுநர் எனப்படுகிறார். எந்தத் தொலைக்காட்சியில் எத்தனை நொடி, எந்த நாளிதழில் எத்தனை பத்தி அகலம் என்று முடிவு செய்யும் ஊடகத் திட்டமிடல் இதனின்றும் வேறானது.

பணியின் இயல்பு

ஒரு விளம்பர முகமையில் வழமையாக இரு தரப்பினர் உண்டு. வாடிக்கை நிறுவனத்துடன் பேசி வேலையைக் கொண்டு வருவோர் ஒரு தரப்பினர். எழுத்தாளர், ஓவியர் அடங்கிய படைப்பாக்கத் துறையினர் மறு தரப்பினர். முன்னவர் நிறுவனத்தின் விருப்பத்தைப் பேசுவர். பின்னவர் தம் கற்பனையைப் பேசுவர். பொருளை விலை கொடுத்து வாங்கும் மனிதர் அந்த அறையில் இருப்பதில்லை. அவருக்காகப் பேச அமர்த்தப்பட்டவரே திட்டமிடுநர். மென்பொருள் உருவாக்கத்தில் நிரல் எழுதத் தொடங்கும் முன் பயனரின் தேவையைக் கேட்டறிந்து ஆவணப்படுத்துபவருடன் இவரை ஒப்பிடலாம். இரு துறைகளிலும் இப்படிநிலையைத் தாண்டிச் செல்வதால் வரும் கேடும் ஒன்றேயாகும்: மிக நேர்த்தியாகச் செய்யப்பட்ட, யாருக்கும் வேண்டாத ஒன்று கிடைக்கும்.

திட்டமிடுநர் விற்பனைப் புள்ளிவிவரங்களைப் படிக்கிறார்; எட்டுப் பத்துப் பேரை அமரவைத்துக் குழு உரையாடல் நடத்துகிறார்; வீடுகளுக்கும் கடைகளுக்கும் சென்று பார்க்கிறார். இவற்றிலிருந்து தேறியதை ஓரிரு பக்கங்களில் எழுதிப் படைப்பாக்கத் துறையிடம் கொடுக்கிறார். இவ்வாவணம் பிரீஃப் எனப்படும். பல மாத ஆய்வு முடிவில் ஒரு சொற்றொடராகச் சுருங்க வேண்டியிருப்பதே இப்பணியின் கடினமான பகுதி எனலாம். விளம்பரம் வெளியான பின் அது பயன் தந்ததா என்று அளந்து பார்ப்பதும் இவரது பொறுப்பே.

தோற்றம்

இத்துறை 1960களில் இலண்டனில் இரு வேறு முகமைகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியது. ஒன்றில் ஸ்டான்லி பாலிட் என்பவரும், ஜே. வால்டர் தாம்சன் முகமையில் ஸ்டீபன் கிங் என்பவரும் இதனைத் தொடங்கினர். பின்னவரை அதே பெயர் கொண்ட அமெரிக்கப் புதின எழுத்தாளருடன் குழப்பிக் கொள்ளலாகாது.

பாலிட் 1960களின் நடுப்பகுதியில் பிரிச்சர்ட் வுட் முகமையில் பணியாற்றினார். அங்கு ஆய்வுத் தரவுகள் ஏராளமாக இருந்தும், வாடிக்கை நிறுவனத்தைக் கையாள்வோர் தமக்கு வசதியான எண்களை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவதை அவர் கண்டார். ஆய்வுப் பயிற்சி பெற்ற ஒருவரை அவர்களுக்கு இணையான தகுதியுடன் பக்கத்திலேயே அமர்த்துவதென முடிவு செய்தார். 1968இல் அவரும் இருவரும் சேர்ந்து தொடங்கிய போவாஸ் மாசிமி பாலிட் முகமை இம்முறையிலேயே கட்டமைக்கப்பட்டது. அரைகுறையாக வரைந்த நிலையிலேயே விளம்பரத்தை மக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பது அம்முகமையின் வழக்கம். கேட்பரி நிறுவனத்தின் உடனடி உருளைக்கிழங்கு மசியலுக்கு 1974இல் அது உருவாக்கிய, செவ்வாய்க் கோள்வாசிகள் மனிதரைப் பார்த்துச் சிரிக்கும் விளம்பரம் பிரித்தானியாவில் நெடுங்காலம் நினைவில் நின்றது.

ஸ்டீபன் கிங்கின் வழி சற்று வேறானது. அவர் விளம்பரத்தைச் சோதிப்பதைவிட, அது தொடங்கும் முன் வணிகப்பெயருக்கு நீண்டகாலத் திசையை வகுப்பதில் கவனம் செலுத்தினார். தாம்சன் முகமையில் இதற்கெனத் தனித்துறை 1968இல் அமைக்கப்பட்டது. அக்கவுண்ட் பிளானிங் என்னும் பெயரும் அங்கேயே சூட்டப்பட்டது. அதே ஆண்டில் பாலிட்டின் முகமையும் தொடங்கப்பட்டதால் 1968ஐ இத்துறையின் பிறந்த ஆண்டாகக் கொள்கின்றனர். பாலிட் 1979இலும், கிங் 2006இலும் காலமாயினர். தாம்சன் என்ற பெயரும் நிலைக்கவில்லை. 2018இல் வொண்டர்மேன் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு, 2023இல் அறிவிக்கப்பட்ட மற்றோர் இணைப்புடன் அப்பெயர் வழக்கொழிந்தது.

அமெரிக்காவுக்கு இம்முறை 1980களின் தொடக்கத்தில் சியாட் டே முகமை வழியாகச் சென்றது. அங்கு இதன் ஆற்றலைப் பலரும் உணரக் காரணமாயிருந்தது 1993இல் கலிபோர்னியாவில் வெளியான பால் விளம்பரமாகும். அதுவரை பால் உடலுக்கு நல்லது என்றே எல்லா விளம்பரங்களும் கூறின. மக்களும் அதை ஒப்புக்கொண்டனர். விற்பனை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. திட்டமிடுநர்கள் சிலரை ஒரு வாரம் பாலின்றி இருக்கச் செய்து கேட்டபோது, பாலின் அருமை அது தீர்ந்துபோகும் கணத்தில்தான், வாயில் பிஸ்கட் இருக்கும் நேரத்தில்தான், உறைக்கிறது என்று தெரிந்தது. அக்கணமே விளம்பரமாயிற்று. அவ்விளம்பரத்தை உருவாக்கிய முகமையின் திட்டமிடுநர் ஜான் ஸ்டீல் இதனை 1998இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக விளக்கியுள்ளார்.

இந்தியாவில்

தாம்சன் முகமை 1929இலேயே பம்பாயில் கிளை திறந்தது. பிற்காலத்தில் அது இந்துஸ்தான் தாம்சன் எனப் பெயர் பெற்று, நாட்டின் முதன்மையான முகமைகளுள் ஒன்றாயிற்று. 1970களின் தொடக்கத்தில் அதன் அரவணைப்பில் இந்தியச் சந்தை ஆய்வு நிறுவனமான ஐ.எம்.ஆர்.பி. உருவானது. தேசிய வாசகர் கணக்கெடுப்பு முதன்முதலாக 1970இல் நடத்தப்பட்டது. இந்துஸ்தான் தாம்சனின் சென்னைக் கிளையில் பணியாற்றிய ஆர். கே. சுவாமி 1973இல் சென்னையில் சொந்த முகமை தொடங்கினார். இந்திய மாவட்டங்களையும் நகரங்களையும் வாங்கும் திறன் அடிப்படையில் தரப்படுத்தும் வழிகாட்டி நூல்களை அம்முகமை வெளியிட்டது. தென்னிந்தியாவிலிருந்து இத்துறைக்குக் கிடைத்த பயன்மிக்க கொடைகளுள் அது ஒன்று.

நுகர்வோரைக் கூர்ந்து நோக்கியதால் விளைந்த இந்திய விளம்பரத்துக்கு 1984இன் சர்ஃப் விளம்பரம் சான்றாகும். குறைந்த விலையில் வந்த நிர்மாவால் சர்ஃப் சந்தையை இழந்துகொண்டிருந்தது. விலையைக் குறைக்காமல் இதற்கு விடை காண வேண்டியிருந்தது. லின்டாஸ் முகமையின் அலிக் பதம்சி, கறாராகப் பேரம் பேசும் இல்லத்தரசியான லலிதாஜி என்னும் பாத்திரத்தை உருவாக்கினார். கவிதா சௌத்ரி அவ்வேடத்தில் நடித்தார். மலிவான பொருள் வேறு, நல்ல பேரம் வேறு என்பதே லலிதாஜியின் வாதம். காய்கறிக் கடையில் காசுக்குக் காசு பேரம் பேசும் தம் தாயார் தரமான பொருளுக்கு விலை கொடுக்கத் தயங்காததைக் கண்டே அப்பாத்திரத்தை அமைத்ததாகப் பதம்சி கூறியுள்ளார். ஆய்வுக்கூடத்தில் கிட்டாத விடை வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுகள்

அனைத்திந்திய வானொலி விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது 1967இல்தான். அதற்கு முன்னரே, 1950இல் தொடங்கப்பட்ட இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு மன்னார் வளைகுடாவைக் கடந்து தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதி வீடுகளை எட்டியது. தமிழில் நினைத்துத் தமிழிலேயே எழுதப்பட்ட விளம்பர வாசகங்களை இப்பகுதி மக்கள் முதலில் கேட்டது பெரும்பாலும் கொழும்பிலிருந்தே எனலாம்.

திட்டமிடுநர் என்ற பதவியே இல்லாமல் திட்டமிடல் நடந்ததற்குக் கடலூரின் சிக் சாம்பு நல்ல எடுத்துக்காட்டு. சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய நிறுவனம் இது. பின்னர் கவின்கேர் எனப் பெயர் பெற்றது. சாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையை முன்னெடுத்தவர்களுள் இவர் தந்தை சின்னி கிருஷ்ணனும் ஒருவர். சீயக்காயும் அரப்பும் சோப்பும் தேய்த்து வந்த ஊர்களில் சாம்பு என்றால் என்னவென்றே பலர் அறியாதிருந்தனர். நிறுவனத்தார் ஊர் ஊராகச் சென்று, கூடியிருந்தோர் முன்னிலையில் ஒரு சிறுவனின் தலைக்குச் சாம்பு தேய்த்துக் கழுவிக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்த நிறுவனத்தின் காலிப் பாக்கெட்டாயினும் ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று முதலில் அறிவித்தனர். பின்னர் அதனைச் சிக் காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டும் என மாற்றினர். 1999இல் 50 பைசாவுக்கு ஒரு பாக்கெட் வந்தபோது பெட்டிக்கடைகளில் பாக்கெட் சரம் தொங்குவது இயல்பான காட்சியாயிற்று. தலைக்குக் குளிப்பது வாரத்தில் சில நாட்களே, கையில் இருப்பது அன்றைய கூலியே, புட்டி வாங்கினால் வீட்டில் பலரும் அளவின்றி எடுத்துவிடுவர் ஆகிய மூன்றும் அந்தச் சிறு பாக்கெட்டுக்குள் அடங்கியிருந்தன. அதே பாக்கெட்டுகள் பின்னர் வாய்க்கால்களில் சேர்ந்து பெருங்குப்பையானதையும் இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று.

விருதுநகரில் 1986இல் தொடங்கப்பட்ட இதயம் நல்லெண்ணெயின் விளம்பரத்தில் நடித்த சித்ரா, 2021இல் மறையும் வரை நல்லெண்ணெய் சித்ரா என்றே அறியப்பட்டார். பனைவெல்லம், எண்ணெய்க் குளியல், இட்லிப்பொடி என்று நல்லெண்ணெயைச் சுற்றி ஏற்கனவே ஒரு வாழ்க்கை இருந்தது. அதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. இதுவும் ஒரு வகைத் திட்டமிடலே.

புள்ளிவிவரமும் ஊரும்

சந்தை ஆய்வாளர்கள் இந்தியக் குடும்பங்களைச் சமூகப் பொருளாதார வகுப்புகளாகப் பிரிக்கின்றனர். 2011இல் புதுப்பிக்கப்பட்ட முறைப்படி, குடும்பத்தின் முதன்மை வருவாய் ஈட்டுபவரின் கல்வியும், பட்டியலிலுள்ள 11 பொருட்களில் எத்தனை அவ்வீட்டில் உள்ளன என்பதும் வகுப்பைத் தீர்மானித்தன. மின் இணைப்பு, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, வண்ணத் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, கணினி, மகிழுந்து, வேளாண் நிலம் போன்றவை அப்பட்டியலில் அடங்கும். அதற்கு முன்பிருந்த முறையில் நகரத்துக்கு வருவாய் ஈட்டுபவரின் கல்வியும் தொழிலும், கிராமத்துக்குக் கல்வியும் வீட்டின் வகையும் என இரு வேறு அளவுகோல்கள் இருந்தன.

இம்முறை எளிமையானது, நாடு முழுமைக்கும் ஒப்பிட ஏற்றது. எனினும் தமிழ்நாட்டில் இதனைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த இயலாது. 2006 முதல் 2011 வரை மாநில அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. 2011 முதல் மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் ஆகியவற்றையும், மாணவர்களுக்கு மடிக்கணினியையும் வழங்கியது. ஒரு வீட்டில் தொலைக்காட்சியும் மடிக்கணினியும் இருப்பது வேறு மாநிலத்தில் வருவாயைக் காட்டும்; இங்கே குடும்ப அட்டையையும் அரசுப் பள்ளியையும் காட்டக்கூடும். இதை அறியாத திட்டமிடுநர் அவ்வீட்டை ஒரு படி மேலே வைத்து, அதற்குத் தேவையற்ற பொருளை விற்க முனைவார். அறிந்தவரோ மற்றொன்றையும் காண்பார்: மிக்சி வந்த வீட்டில் அம்மிக்கு என்ன ஆயிற்று, அரைத்த மாவை விற்கும் கடை எப்போது தெருமுனைக்கு வந்தது என்பன எந்தப் பட்டியலிலும் இல்லை.

தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு மற்றொரு சிக்கலைக் காட்டும். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர் என்று பாடநூல்களிலும், காற்றாலைகள் நிறைந்த ஊர் என்று மதுரை-திருநெல்வேலி நெடுஞ்சாலைப் பயணிகளிடமும் இவ்வூர் அறியப்பட்டுள்ளது. பேரூராட்சியாதலால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது நகரம். சுற்றிலும் மானாவாரி நிலம். ஊருக்குள் கடை வைத்திருப்பவரின் கையிருப்பும், பக்கத்து ஊர்களிலிருந்து சாமான் வாங்க வருவோரின் கையிருப்பும் மழையைப் பொறுத்தவை. நகரம் என்ற கட்டத்தில் இட்டு, சென்னை அண்ணாநகருக்கு எழுதிய அதே விளம்பரத்தை இங்கும் ஒட்டினால் அது சுவரில் இருக்கும், அவ்வளவே.

கல்வி

இந்தியாவில் விளம்பரத் தொழிலுக்கெனத் தனியாக நிறுவப்பட்ட கல்வி நிலையங்களுள் அகமதாபாத்தில் உள்ள மைக்கா குறிப்பிடத்தக்கது. முத்ரா முகமையை நடத்திய ஏ. ஜி. கிருஷ்ணமூர்த்தியின் முயற்சியால் 1991இல் அது தொடங்கப்பட்டது. தில்லியில் 1965 முதல் இயங்கும் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்திலும் விளம்பரப் பட்டயப் படிப்பு உள்ளது. தமிழ்நாட்டில் சென்னை இலயோலாக் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறையும் இத்துறைக்கு மாணவரை அனுப்பும் இடங்கள். ஆயினும் திட்டமிடலை மட்டுமே முழுமையாகக் கற்பிக்கும் படிப்புகள் அரிது. பெரும்பாலோர் பொறியியல், வணிகம், உளவியல், சமூகவியல் என எதையோ படித்துவிட்டு இங்கு வந்து சேர்கின்றனர்.

உடன்பயின்றோர் தொடர்பு

திட்டமிடுநரின் தொழில் வாழ்க்கை தனிமையானது. ஒரு முகமையில் எழுத்தாளர் பலர் இருப்பர். வாடிக்கை நிறுவனத்தைக் கையாள்வோர் இன்னும் பலர் இருப்பர். சிறிய, நடுத்தர முகமைகளில் திட்டமிடுநர் ஒருவரோ இருவரோதான். தாம் எழுதிய பிரீஃப் நன்றாயுள்ளதா என்று கேட்க அதே வேலை தெரிந்த மற்றொருவர் அந்த அலுவலகத்தில் இருப்பதில்லை. ஆகவே படிக்கும் காலத்தில் ஒரே அறையில் அமர்ந்து ஒரே பயிற்சியைச் செய்தவர்களே அவருக்கு நெடுங்காலம் சக பணியாளராகத் திகழ்கின்றனர். பிரித்தானியத் திட்டமிடுநர்கள் 1970களின் இறுதியில் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக் கொண்டதற்கும் இத்தகைய தேவையே பின்னணியாகும். சென்னையில் விளம்பரக் கழகம் பல தரப்பு விளம்பரத் துறையினரையும் ஒன்றுகூட்டி வந்துள்ளது. எனினும் கழகத்தில் மேடை உண்டு, விருது உண்டு. தன் அறியாமையை ஒப்புக்கொண்டு கேள்வி கேட்க உகந்த இடம் பழைய வகுப்புத் தோழமையே.

இத்தொடர்பின் பயனைச் சமூகவியல் வழியாகவும் விளக்கலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பாஸ்டன் நகருக்கு அருகே அண்மையில் வேலை மாறியவர்களிடம் கேட்டறிந்ததைக் கூறுகிறது. அறிமுகமான ஒருவர் வழியாக வேலை பெற்றவர்களில், அந்த நபரை வாரம் இருமுறையேனும் சந்தித்து வந்தவர்கள் 16.7 விழுக்காட்டினரே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 விழுக்காடு. ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ சந்தித்தவர்கள் 27.8 விழுக்காடு. தகவல் தந்தவர்கள் பலர் பழைய கல்லூரி நண்பர்களாகவோ முன்னாள் சக பணியாளர்களாகவோ இருந்தனர். காரணம் எளியது. நாள்தோறும் நம்முடன் இருப்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. விலகி வேறிடம் சென்றவரிடமே நாம் அறியாத செய்தி இருக்கும். இதனை அவர் வலுக்குறைந்த உறவுகளின் வலிமை என்றார்.

இது திட்டமிடுநருக்கு இருமடங்கு பொருந்தும். வேலைவாய்ப்புச் செய்தி இதில் ஒரு பாதி. இந்தியாவில் திட்டமிடல் பணிகள் மும்பை, குருகிராம், பெங்களூரு ஆகிய நகரங்களில் குவிந்துள்ளன. ஒன்றிரண்டு இடங்களே ஒரு நேரத்தில் காலியாகும். அவை நாளிதழில் வருவதில்லை. கோவில்பட்டியிலோ கயத்தாற்றிலோ வளர்ந்து திருநெல்வேலியில் படித்த ஒருவருக்கு மும்பையில் உறவினரோ குடும்ப நண்பரோ இருக்க வாய்ப்பு குறைவு. அங்கு முன்னே சென்ற வகுப்புத் தோழர் ஒருவர் தொடர்பில் இருந்தால் கதவு தெரியும். இல்லையேல் அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. மறு பாதி, ஒருவர் சோப்புக்கும் மற்றவர் உரத்துக்கும் வேறொருவர் வங்கிக்கும் பணியாற்றுவதால், ஒரே மக்களை அவர்கள் வெவ்வேறு கோணங்களில் பார்க்கின்றனர் என்பதாகும். உரம் விற்கச் சென்றவர் கண்ட கிராமமும் சோப்பு விற்கச் சென்றவர் கண்ட கிராமமும் ஒன்றே. இருவரும் பேசிக்கொள்ளாதவரை அது ஒன்றாவதில்லை.

கண்டவற்றைப் பகிர்தல்

தாம்சன் முகமையைச் சேர்ந்த ஜேம்ஸ் வெப் யங், புதிய எண்ணம் உருவாகும் முறை பற்றி 1940இல் எழுதிய சிறு நூல் இன்றும் இத்துறையில் படிக்கப்படுகிறது. எண்ணம் என்பது பழைய கூறுகளின் புதிய சேர்க்கையே என்பது அவர் கொள்கை. சேர்க்க வேண்டுமானால் முதலில் கூறுகள் கையில் இருக்க வேண்டும். எனவே விற்கும் பொருளைப் பற்றி மட்டுமன்றி உலகத்தைப் பற்றியும் ஓயாது சேகரிக்க வேண்டும், அட்டைகளிலும் ஒட்டுப் புத்தகத்திலும் அவற்றைப் பதிந்து வைக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். உடன்பயின்றோர் தம்முள் பகிர்வது இவ்வகைச் சேகரிப்பின் கூட்டு வடிவமாகும். ஒருவர் காணக்கூடியது ஓர் ஊர்; இருபது பேர் காணக்கூடியது இருபது ஊர்.

பகிரத்தக்கவை பெரும்பாலும் அற்பமாகத் தோன்றுபவையே. தமிழ்நாட்டிலிருந்து சில: ஆடி மாதத்தில் திருமணம் நடப்பதில்லை என்பதால் துணிக்கடைகளில் கூட்டம் குறையும், அந்த வெறுமையை நிரப்பவே ஆடித் தள்ளுபடி வளர்ந்தது. வட இந்தியாவில் வீட்டுக்கு வண்ணம் பூசுவது தீபாவளியை ஒட்டி. தமிழ்நாட்டில் வெள்ளையடிப்பு பொங்கலுக்கு முன். ஆகவே தீபாவளிக்கு வெளியிடும் அதே வண்ணப்பூச்சு விளம்பரம் இங்கு இரண்டு மாதம் முந்திவிடுகிறது. கணவனுக்காக நிலவைச் சல்லடை வழியே பார்க்கும் கர்வா சௌத் நோன்பை வைத்து எடுத்த விளம்பரம், தமிழில் குரல் மாற்றப்பட்டு ஒளிபரப்பானால், அந்தப் பெண் சல்லடையை ஏன் தூக்கிப் பிடிக்கிறாள் என்பதே பார்ப்பவருக்குப் புரியாது. சிவகாசியில் அச்சான நாட்காட்டியில் நல்ல நேரமும் இராகு காலமும் பெரிதாக இருப்பதும், கடைப் பெயர் அதன் கீழே ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரில் தொங்குவதும், எந்த ஊடகக் கணக்கிலும் வராத விளம்பரமாகும்.

வகுப்புத் தோழர்கள் போட்டி முகமைகளில், சில வேளை போட்டிப் பொருட்களுக்கே, பணியாற்றுவர் என்பதால் இப்பகிர்வுக்கு ஓர் எல்லை உண்டு. கடைத்தெருவில் கண்டது, சுவரில் படித்தது, ஏற்கனவே வெளியான விளம்பரம், பொது நூல் ஆகியவற்றைப் பகிரலாம். வாடிக்கை நிறுவனம் பணம் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு, வெளிவராத பொருள், விலை மாற்றம் ஆகியன கூடா. அவற்றைக் காப்பதாகப் பணி ஒப்பந்தத்திலேயே உறுதி தரப்பட்டிருக்கும். நடைமுறையில் கோடு இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ஆய்வுக்காகச் சென்ற வீட்டில் தற்செயலாகக் கண்ட ஒன்று யாருக்குச் சொந்தம்? அந்த வீட்டாரின் பெயரும் படமும் அவர்கள் ஒப்புதலின்றி வெளியே செல்லலாகாது என்பதில் மட்டும் ஐயமில்லை. குழு உரையாடலுக்கு வந்து தம் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசிய ஒரு பெண், அது பத்துப் பேருக்கு வேடிக்கைச் செய்தியாகும் என்று எண்ணிப் பேசவில்லை.

மற்றொரு குறை, பகிரப்படும் செய்தி சரிபார்க்கப்படாமல் கதையாகிவிடுவது. பஞ்சாபில் சலவை இயந்திரத்தில் லஸ்சி கடைகிறார்கள், சந்தைக்குக் கொண்டு போகும் எருமைக்குத் தலைமுடிச் சாயம் பூசுகிறார்கள் என்ற இரண்டும் இந்தியக் கிராமச் சந்தை பற்றிய பேச்சுகளில் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகின்றன. எங்கோ ஓரிடத்தில் நடந்திருக்கலாம். ஆனால் சொல்பவர் எவரும் தாம் நேரில் கண்டதாகச் சொல்வதில்லை. சிரிப்பு மூட்டும் செய்தி வேகமாகப் பரவுகிறது. சிரிக்கப்படுபவர் எப்போதும் கிராமத்தவராகவே இருப்பதும் கவனிக்கத்தக்கது. எந்த ஊர், எந்த நாள், யார் பார்த்தது என்ற மூன்றையும் குறித்து அனுப்புவது என்ற சிறு கட்டுப்பாடு இக்கதைகளில் பெரும்பாலானவற்றை வாசலிலேயே நிறுத்திவிடும்.

மொழி

இந்திய முகமைகளில் பிரீஃப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது. தமிழ்ப் பெண் ஒருவர் குழு உரையாடலில் சொன்னது ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதப்படும். அதை வைத்து மும்பையில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ விளம்பரம் எழுதப்படும். பின்னர் அது தமிழுக்குக் குரல் மாற்றப்பட்டு அதே பெண்ணின் வீட்டுக்கு வந்து சேரும். இம்மூன்று தாவல்களில் உதிர்வன பல. நல்லெண்ணெய்க் குளியலைப் பற்றிக் கேட்டால் தென்மாவட்டத்தவர் உடல் சூடு தணியும் என்பர். இச்சூடு வெயிலும் அன்று, காய்ச்சலும் அன்று. கண் எரிச்சல், வாய்ப்புண், தூக்கமின்மை, கோழிக்கறி உண்ட மறுநாள் என அதற்கு ஒரு முழு இலக்கணம் உண்டு. ஆங்கிலக் குறிப்பில் அது வெப்பம் என்ற ஒற்றைச் சொல்லாகிறது. அங்கிருந்து கோடைக்காலம் என்றாகிறது. முடிவில் பனிக்கட்டியும் நீல நிறமும் நிறைந்த படமாகத் திரும்பி வருகிறது. தலையில் எண்ணெய் வைத்து வெயிலில் சிறிது நேரம் நிற்பது இவ்வழக்கத்தின் ஒரு பகுதி என்பதை அப்படத்தை எடுத்தவருக்குச் சொல்ல அறையில் எவரும் இருந்திருக்க மாட்டார்.